புகைபிடித்தல்: புகைப்பவருக்கும் அருகில் இருப்பவருக்கும் நேரும் தீங்குகள்

புகையிலையை எரித்து, அதிலிருந்து வரும் புகையை வாய் வழியாக உள்ளிழுத்து வெளியே விடும் பழக்கத்தைப் புகைபிடித்தல் என்கிறோம். சிகரெட், பீடி, சுருட்டு, ஹூக்கா என்று பொருள்கள் வேறுபட்டாலும் உடலுக்குள் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். பேச்சு வழக்கில் 'சிகரெட் குடிக்கிறார்' என்றும் சொல்வோம். குடித்த பொருள் குடித்தவர் வயிற்றோடு போய்விடும். புகை அப்படிப் போவதில்லை. இழுத்தவரின் நுரையீரலுக்குள் ஒரு பகுதி தங்கி, மீதி வெளியே வந்து, அந்த அறையில் யார் யார் மூச்சு விடுகிறார்களோ அவர்கள் அனைவருக்குள்ளும் செல்கிறது.

"என் காசு, என் உடம்பு, இதில் மற்றவர்களுக்கு என்ன?" என்ற கேள்வியை என் ஆசிரியப் பணிக்காலத்தில் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் நானே கேட்டவன்தான். அந்தக் கேள்வி எங்கே தவறுகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உலகில் ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் புகையிலையால் இறக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இவர்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாங்கள் புகைக்காமல், பிறர் விட்ட புகையைச் சுவாசித்ததால் இறந்தவர்கள். இந்தியாவில் 2016-17இல் நடந்த உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, வயதுவந்தோரில் 10.7 விழுக்காட்டினர் புகைப்பவர்கள். ஆனால் வீட்டில் பிறரது புகைக்கு ஆளாவோர் 38.7 விழுக்காடு. அதாவது புகைப்பவர்களைப் போல மூன்று மடங்குக்கும் அதிகமானவர்கள் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள். இந்த இரண்டு எண்களையும் மாணவர்கள் அருகருகே எழுதிப் பார்க்க வேண்டும்.

புகையிலை வந்த வழி

புகையிலை நம் நாட்டுச் செடி அன்று. அமெரிக்கக் கண்டங்களின் பழங்குடி மக்கள் பயன்படுத்திவந்த அச்செடியை, 1492இல் கொலம்பஸின் பயணத்துக்குப் பிறகே மற்ற கண்டங்கள் அறிந்தன. போர்ச்சுகலில் பிரான்சின் தூதராக இருந்த ழான் நிக்கோ என்பவர் 1560 வாக்கில் அதைப் பிரெஞ்சு அரசவைக்கு மருந்தென்று அனுப்பினார். நிக்கோட்டின் என்ற பெயர் அவர் பெயரிலிருந்து வந்ததுதான். இந்தியாவுக்குப் போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1617இல் அதற்குத் தடை விதித்தார். இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னர் அதற்கு முன்பே, 1604இல், புகையிலையைக் கண்டித்து ஒரு நூலே எழுதினார். இரண்டு பேரரசர்களாலும் தடுக்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் திண்டுக்கல், திருச்சி உறையூர்ப் பகுதிகளில் செய்யப்பட்ட சுருட்டுகள் ஆங்கிலேயர் காலத்தில் கடல் கடந்து போயின. ஆங்கிலத்தில் 'செரூட்' என்று வழங்கும் சொல்லே நம் 'சுருட்டு'தான். நாம் உலகுக்குக் கொடுத்த சொற்களில் இதுவும் ஒன்று என்று பெருமைப்படுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஓர் இழுப்பில் நடப்பது

ஒருவர் சிகரெட்டை இழுக்கும்போது அதன் நுனியில் வெப்பம் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வரை உயர்கிறது. அந்த வெப்பத்தில் இலை எரிந்து 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. அவற்றில் ஏறத்தாழ 70 பொருள்கள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. பென்சீன், ஆர்சனிக், காட்மியம், பார்மால்டிஹைடு ஆகியவை அவற்றுள் சில. பள்ளி ஆய்வகத்தில் தவளையையும் மீனையும் கெடாமல் வைக்கக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றிவைத்திருப்போமே, அந்தப் பார்மலின் திரவத்தில் இருப்பது இந்தப் பார்மால்டிஹைடுதான். மூடியைத் திறந்ததும் கண் எரிந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மாணவர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

இத்தனை பொருள்களில் மூன்றை மட்டும் புரிந்துகொண்டால் பெரும்பாலான நோய்கள் ஏன் வருகின்றன என்பது விளங்கிவிடும்.

முதலாவது நிக்கோட்டின். புகையை உள்ளிழுத்த பத்து, இருபது நொடிகளுக்குள் இது மூளையை அடைந்துவிடுகிறது. அங்கே டோபமைன் என்ற பொருளைச் சுரக்கச் செய்து, ஒரு சிறு இதமான உணர்வைத் தருகிறது. உடலில் அதன் அளவு இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். குறைந்ததும் எரிச்சல், கவனக்குறைவு, அமைதியின்மை தோன்றுகின்றன. அடுத்த சிகரெட் அவற்றை நீக்குகிறது. 'டென்ஷனாக இருந்தது, ஒரு தம் அடித்தேன், சரியாகிவிட்டது' என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் தீர்த்துக்கொண்ட பதற்றத்தில் பெரும்பகுதி, முந்தைய சிகரெட் உண்டாக்கியதே என்பது அவருக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது கார்பன் மோனாக்சைடு. நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பற்றுடன் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்கிறது. பேருந்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இருக்கைகளை வேறொருவர் துண்டு போட்டுப் பிடித்துக்கொள்வதைப் போல. உடலுக்குப் போதுமான ஆக்சிஜனைக் கொடுக்க இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. அதே நேரத்தில் நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இதயத்துக்கு வேலை கூடுகிறது. அதற்குப் போகும் இரத்தம் குறைகிறது.

மூன்றாவது தார். இது ஒரு தனிப்பொருள் அன்று. புகையில் மிதந்து வரும் பிசுபிசுப்பான துகள்களின் தொகுப்பு. நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் உள்ளன. வயற்காற்றில் நெற்பயிர் அசைவதைப் போல இவை ஓயாமல் அசைந்து, தூசியையும் கிருமியையும் சளியோடு மேலே தள்ளிவிடுகின்றன. புகை இந்த அசைவை முடக்குகிறது. இரவில் புகைக்காமல் தூங்கும் நேரத்தில் மயிரிழைகள் மெல்ல மீண்டும் வேலையைத் தொடங்குகின்றன; தேங்கிய சளி மேலே வருகிறது. புகைப்பவர்கள் காலையில் எழுந்ததும் நெஞ்சு அதிர இருமுவதற்கு இது ஒரு காரணம். எழுந்தவுடன் முதல் பீடியைப் பற்றவைத்தால் இருமல் நிற்கிறது என்று சிலர் சொல்வார்கள். வேலைக்காரன் துடைப்பத்தை எடுக்கும்போது அவன் கையைக் கட்டிப்போடுவதற்கு ஒப்பானது அது.

புகைப்பவருக்கு வரும் நோய்கள்

நுரையீரல் புற்றுநோயைப் பற்றிக் கேள்விப்படாதவர் இல்லை. ஆனால் அதன் காரணம் கண்டுபிடிக்கப்பட்ட கதை பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனில் இந்நோய் வேகமாகப் பெருகியது. சாலைகளில் போடும் தாரும் மோட்டார் வண்டிகளின் புகையும் காரணமாக இருக்கலாம் என்று ரிச்சர்ட் டால் என்ற மருத்துவர் முதலில் கருதினார். ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லுடன் சேர்ந்து லண்டன் மருத்துவமனை நோயாளிகளிடம் விசாரித்தபோது, நோயுற்றவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது சாலை அன்று, சிகரெட். 1950இல் அந்த ஆய்வு வெளியாயிற்று. ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே டால் தம் புகைப்பழக்கத்தை விட்டுவிட்டார். 1951 முதல் பிரிட்டிஷ் மருத்துவர்களையே ஆய்வுப் பொருளாக்கி, 50 ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். புகைப்பதை விடாத மருத்துவர்கள், புகைக்காத மருத்துவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தது 2004இல் வெளியான முடிவுகளில் தெரிந்தது.

புகைக்கும் ஆண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட 15 முதல் 30 மடங்கு அதிகம். வாய், தொண்டை, உணவுக்குழாய், கணையம், சிறுநீர்ப்பை ஆகியவற்றிலும் புற்றுநோய் வரலாம். சிறுநீர்ப்பைக்கும் புகைக்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இரத்தத்தில் கலந்த நச்சுகளைச் சிறுநீரகம் வடிகட்டி அங்கேதான் தேக்கிவைக்கிறது.

மாரடைப்பு, பக்கவாதம், நாள்பட்ட மூச்சடைப்பு நோய், கால் இரத்தக் குழாய்கள் அடைபட்டு விரல்கள் கறுத்து அழுகும் பர்ஜர் நோய் ஆகியவையும் உண்டு. 'ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்றுதான்' என்று தம்மைத் தேற்றிக்கொள்பவர்கள் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாளொன்றுக்கு 20 சிகரெட் பிடிப்பவருக்கு இதயநோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறக்குறைய பாதி, ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும் கூடுகிறது என 2018இல் வெளியான ஒரு பெருந்தொகுப்பாய்வு காட்டியது. இருபதில் ஒரு பங்கு புகைத்தால் இருபதில் ஒரு பங்கு ஆபத்து என்ற கணக்கு இதயத்திடம் செல்லாது.

தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமான ஆய்வு ஒன்று உண்டு. நம் பாடநூல்களில் அதற்கு இடம் கிடைக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1990களில் சென்னை மாநகரிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை, உயிருடன் இருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தோடு ஒப்பிட்டார்கள். வேந்தன் கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ முதலியோர் செய்த அந்த ஆய்வு 2003இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. புகைத்தவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட நான்கு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. ஆண்களின் காசநோய் இறப்புகளில் ஏறக்குறைய பாதிக்குப் புகைப்பழக்கமே காரணம் என்று கணக்கிட்டார்கள்.

மேலைநாட்டுப் புத்தகங்கள் புகையையும் புற்றுநோயையும் சேர்த்துப் பேசும். நம் ஊரில் புகையையும் காசநோயையும் சேர்த்துப் பேசியாக வேண்டும். நம் நாட்டில் பலருடைய உடலில் காசநோய்க் கிருமி நோயை உண்டாக்காமல் அடங்கிக் கிடக்கிறது. நுரையீரலின் காவல் அணுக்களைப் புகை பலவீனப்படுத்தும்போது அந்தக் கிருமி தலைதூக்குகிறது. நோய் வந்தவர் இருமும்போது அது காற்று வழியாக மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பரவுகிறது. அவர் விட்ட புகை அவர்களைத் தொடாவிட்டாலும் அந்தப் புகையால் வந்த நோய் தொட்டுவிடுகிறது. 'என் உடம்பு' என்ற வாதம் இங்கே முதல் அடி வாங்குகிறது.

பீடி சாதுவானதா?

பீடி இலையில் சுற்றப்படுவதால், காகிதம் இல்லாததால், அளவில் சிறியதாக இருப்பதால் பீடி கெடுதல் குறைந்தது என்ற நம்பிக்கை நம் மக்களிடம் இருக்கிறது. ஒரு பீடியில் சுமார் கால் கிராம் புகையிலைதான் இருக்கும். சிகரெட்டில் அதைவிடப் பல மடங்கு. ஆனால் சுற்றப்பட்ட தெண்டு இலையின் வழியே காற்று எளிதில் புகாது. அடிக்கடி இழுக்காவிட்டால் பீடி அணைந்துவிடும். பெட்டிக்கடை ஓரத்தில் பீடி பிடிப்பவரைக் கவனித்தால், சிகரெட் பிடிப்பவரைவிட அதிகத் தடவை, அதிக ஆழமாக இழுப்பது தெரியும். அதனால் நிக்கோட்டின், கார்பன் மோனாக்சைடு, தார் மூன்றும் ஏராளமாக உள்ளே போகின்றன. 2008இல் வெளியான ஓர் இந்திய ஆய்வின்படி பீடி பிடிக்கும் ஆண்கள் சராசரியாக 6 ஆண்டுகளும், பீடி பிடிக்கும் பெண்கள் 8 ஆண்டுகளும், சிகரெட் பிடிக்கும் ஆண்கள் 10 ஆண்டுகளும் ஆயுளை இழக்கிறார்கள்.

பீடியைப் பற்றவைப்பதற்கு முன்பே அது சிலரைப் பாதித்துவிடுகிறது. திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களிலும் வேலூர்ப் பக்கத்திலும் பீடி சுற்றுவோர் பெரும்பாலும் பெண்கள். இலையை நனைத்து, தகட்டை வைத்து அளவாக வெட்டி, மடியில் தட்டை வைத்துக்கொண்டு, புகையிலைத் தூளை இட்டுச் சுருட்டி, நூலால் கட்டுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. நாள் முழுவதும் குனிந்தே இருப்பதால் கழுத்து வலி, முதுகு வலி. தூளைச் சுவாசிப்பதால் இருமல், மூச்சுத்திணறல். வீடே வேலையிடம் என்பதால் புகையிலைத் தூள் அடுப்படியிலும் தொட்டில் பக்கத்திலும் பறக்கிறது. 1966இல் பீடித் தொழிலாளர்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. பின்னர் நலநிதியும் வந்தது. ஆனாலும் 'பீடியை ஒழி' என்று சொல்வது எளிது. அந்தத் தட்டை மடியிலிருந்து இறக்கிவைத்தால் அன்றைக்கு உலை வைக்க வேறு என்ன வழி என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். வாயில் ஒரு பீடியையும் வைக்காத அந்தப் பெண்களும் புகையிலையால் தீங்கு அடைபவர்கள்தாம்.

அருகில் இருப்போர்

எரியும் சிகரெட்டிலிருந்து இரண்டு வகைப் புகை வருகிறது. புகைப்பவர் இழுத்து வெளியே விடுவது ஒன்று. இழுப்புக்கும் இழுப்புக்கும் இடையில் நுனியிலிருந்து தானாக எழுவது மற்றொன்று. அறைக்குள் சேரும் புகையில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகையே. இழுக்காதபோது நுனியின் வெப்பம் குறைந்துவிடுவதால் இலை முழுமையாக எரிவதில்லை. அதனால் கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா, சில புற்றுநோய்ப் பொருள்கள் இந்தப் புகையில் கூடுதலாக இருக்கின்றன. சிகரெட்டில் பஞ்சு வடிகட்டி இருந்தாலும் அது இழுப்பவருடைய வாய்ப்பக்கம்தான் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு வடிகட்டி ஏது?

இதை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது ஜப்பானில் நடந்த ஓர் ஆய்வு. தகேஷி ஹிராயாமா என்ற மருத்துவ அறிஞர், தாங்கள் புகைக்காத 91,540 மனைவியரை 1966 முதல் 1979 வரை தொடர்ந்து கவனித்தார். கணவர் எவ்வளவு அதிகமாகப் புகைத்தாரோ அந்த அளவுக்கு மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடியது. 1981இல் இம்முடிவு வெளியானபோது புகையிலை நிறுவனங்கள் கடுமையாக மறுத்தன. பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் அதையே உறுதி செய்தன. வீட்டிலோ வேலையிடத்திலோ பிறர் புகையைச் சுவாசிப்பவருக்கு இதயநோய் ஆபத்து 25 முதல் 30 விழுக்காடும், நுரையீரல் புற்றுநோய் ஆபத்து 20 முதல் 30 விழுக்காடும் கூடுகிறது என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2006இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. இந்தப் புகையில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்ற அளவே கிடையாது என்றும் அது சொன்னது.

குழந்தைகளுக்கு இது இன்னும் கொடியது. பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். பிறந்த குழந்தை சுமார் 40 முறை. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தை உள்ளிழுக்கும் காற்று மிக அதிகம். அதன் நுரையீரலோ இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. எழுந்து வெளியே போகவும் அதனால் முடியாது. புகை உள்ள வீட்டுக் குழந்தைகளுக்கு நிமோனியா, காதில் சீழ், ஆஸ்துமா ஆகியவை அதிகம் வருகின்றன. தூக்கத்திலேயே கைக்குழந்தை திடீரென இறந்துபோகும் ஆபத்தும் கூடுகிறது. கருவுற்ற பெண் புகையைச் சுவாசித்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம்.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பில் ஒரு செய்முறை செய்து காட்டுவேன். பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் துளையிட்டு அடைத்து, நீர் நிரப்பி, வாயில் பஞ்சை வைத்து, அதில் ஒரு சிகரெட்டைச் செருகிப் பற்றவைக்க வேண்டும். அடைப்பை எடுத்தால் நீர் வடியும். வடிய வடிய பாட்டில் புகையை இழுக்கும். ஒரு சிகரெட் முடிவதற்குள் வெள்ளைப் பஞ்சு பழுப்பாகி நாறும். (மாணவர்கள் தனியே செய்ய வேண்டாம், ஆசிரியர் திறந்தவெளியில் செய்துகாட்ட வேண்டிய ஒன்று.) அந்தச் சிகரெட் என் சட்டைப்பையிலிருந்தே எடுத்தது என்பதை வகுப்பில் சொன்னதில்லை.

ஒரு பையன் அந்தப் பஞ்சைக் காகிதத்தில் மடித்து வாங்கிப் போனான். சில நாள் கழித்து, "அப்பா இப்ப வீட்டுக்குள்ள பிடிக்கிறதில்ல சார், வாசல்ல நின்னுதான் பிடிக்கிறாரு" என்றான். எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அவன் இளைப்பு வந்து அடிக்கடி விடுப்பு எடுப்பது நிற்கவில்லை. ஒருநாள் பார்க்கப் போனேன். ஒற்றை அறை வீடு. பின்பக்கம் சன்னல் இல்லை. காற்று வர ஒரே வழி அந்த வாசல்தான். அதன் நிலைப்படியில்தான் தந்தை நின்று புகைத்தார். உள்ளே ஓடிய மின்விசிறி புகையை அறை முழுவதும் பரப்பிக்கொண்டிருந்தது. பையன் பாயில் தலையணையை அணைத்தபடி குனிந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

அதுவரை நானும் 'சன்னல் ஓரம் நின்று புகைத்தால் போதும்' என்றே பாடம் நடத்தியிருந்தேன். சன்னலைத் திறப்பதும் விசிறியைப் போடுவதும் புகையை நீர்த்துப்போகச் செய்யுமே தவிர, நீக்காது. புகை மறைந்த பிறகும் அதன் துகள்கள் திரைச்சீலை, மெத்தை, சட்டை, தலைமுடி ஆகியவற்றில் படிந்திருக்கின்றன. தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தை அவற்றையும் உட்கொள்கிறது. வீட்டை விட்டு நன்றாகத் தள்ளிப்போய்ப் புகைப்பது ஓரளவு உதவும். புகைக்காதிருப்பதே முழுமையாக உதவும். இதை அந்தத் தந்தையிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "உங்களையும் டீக்கடையில பாத்திருக்கேனே சார்" என்று மட்டும் சொன்னார்.

சட்டம் சொல்வது

பொது இடத்தில் புகைப்பது, புகைக்காதவரின் வாழும் உரிமையைப் பறிப்பது என்று கேரள உயர் நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் பொது இடங்களில் புகைப்பதைத் தடைசெய்ய உத்தரவிட்டது. 2003இல் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டம் இயற்றப்பட்டது. பொது இடத்தில் புகைப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம், 18 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்கத் தடை, கல்வி நிலையங்களிலிருந்து 100 கஜத்துக்குள் விற்கத் தடை ஆகியவை அதில் உள்ளன. பொது இடங்களுக்கான கடுமையான விதிகள் 2008 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்தன. மின்சிகரெட்டுக்கு 2019இல் தடை வந்தது. நூறு கஜம் என்பது சுமார் 91 மீட்டர். எந்தப் பள்ளி வாசலிலிருந்தும் மாணவர்கள் அடி வைத்து அளந்து பார்க்கலாம். நான் அளந்த இடங்களில் விடை மகிழ்ச்சி தருவதாக இல்லை.

இச்சட்டத்தின் எல்லை வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. பேருந்திலும் அலுவலகத்திலும் காப்பாற்றப்படும் ஒரு குழந்தையை வீட்டுக்குள் காப்பாற்ற எந்த அதிகாரியும் வரமாட்டார்.

விடுவது எப்படி

நான் 11 ஆண்டுகள் புகைத்தவன். அந்தத் தந்தையின் சொல்லுக்குப் பிறகு விட்டேன், மூன்று மாதத்தில் மீண்டும் தொடங்கினேன், மறுபடி விட்டேன். ஒரே முயற்சியில் விடுபவர்கள் குறைவு. அதைத் தோல்வி என்று எண்ணி முயற்சியைக் கைவிடுவதுதான் தவறு.

முதல் மூன்று நாள் மிகக் கடினம். எரிச்சல், தூக்கமின்மை, அதிகப் பசி, கவனச் சிதறல் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் இவை படிப்படியாகக் குறையும். புகைக்க வேண்டும் என்ற வேட்கை அலைபோல் எழும்; ஒவ்வோர் அலையும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அந்த நிமிடங்களைத் தள்ளிப்போடத் தண்ணீர் குடிப்பது, நடப்பது, சீரகம் மெல்லுவது என ஏதாவது ஒன்று உதவும். எனக்கு மாலை நேரத் தேநீர்க்கடைதான் பெரிய தடை. தேநீரும் சிகரெட்டும் ஒன்றாகவே பழகியிருந்தன. ஆறு மாதம் வீட்டில் மட்டுமே தேநீர் குடித்தேன். மன உறுதி மட்டும் போதாதவர்களுக்கு மருத்துவர் ஆலோசனையுடன் நிக்கோட்டின் மெல்லும் வில்லை, தோலில் ஒட்டும் பட்டை போன்றவை உள்ளன. சிகரெட்டை விட்டுவிட்டு வாயில் ஒதுக்கும் புகையிலைக்கு மாறுவதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன். அது நுரையீரலிலிருந்து வாய்க்கு இடம் மாற்றுவது மட்டுமே; வாய்ப்புற்றுநோய் நம் நாட்டில் இவ்வளவு அதிகமாக இருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம்.

விட்ட 20 நிமிடத்தில் இதயத் துடிப்பு குறைகிறது. 12 மணி நேரத்தில் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இயல்பு நிலைக்கு வருகிறது. ஓராண்டில், புகைப்பதால் கூடியிருந்த இதயநோய் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது. 'இத்தனை வயதுக்கு மேல் விட்டு என்ன பயன்' என்பவர்களுக்கும் டால் ஆய்வில் பதில் இருக்கிறது. 60 வயதில் விட்டவர்களுக்குச் சுமார் 3 ஆண்டுகளும், 50இல் விட்டவர்களுக்கு 6 ஆண்டுகளும், 40இல் விட்டவர்களுக்கு 9 ஆண்டுகளும் ஆயுள் திரும்பக் கிடைத்தது. 30இல் விட்டவர்கள் இழப்பை ஏறக்குறைய முழுவதுமாகத் தவிர்த்தார்கள்.

வீட்டிலுள்ளவர்கள் திட்டுவதைவிட, விடும் நாள் ஒன்றைச் சேர்ந்து குறித்து, அன்றைக்கு முன்பே தீப்பெட்டியையும் சாம்பல் கிண்ணத்தையும் அப்புறப்படுத்துவது பயன்தரும். அந்த முதல் வாரத்தில் அவர் எரிந்து விழுந்தால் அது நிக்கோட்டின் பேசுவது என்று பொறுத்துக்கொள்ளவும் வேண்டும். மத்திய அரசின் புகையிலைப் பழக்க நீக்கத் தொலைபேசி எண் 1800-11-2356. இதற்குக் கட்டணம் இல்லை. இந்த எண் எச்சரிக்கைப் படத்தோடு சிகரெட், பீடிப் பொதிகளின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறது.